46 வயசுல மாரடைப்பு, ஆளும் ஒல்லி: நம்ம ஆளுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?

தறிக்காரர் (பள்ளிபாளையம்)

வணக்கமுங்க. போன மாசம் எங்க பெரியண்ணனுக்கு மாரடைப்பு வந்துருச்சு. வயசு 46. ஈரோட்டுல சேர்த்து, ஆஞ்சியோ பார்த்து, ஒரு ஸ்டென்ட் வெச்சு அனுப்பியிருக்காங்க. இப்ப வீட்டுல இருக்கார்.

எங்களுக்குப் புரியாதது என்னன்னா, ஆள் ஒல்லிங்க. 62 கிலோதான். பீடி சிகரெட் தொட்டதில்லை. விசைத்தறி ஓட்டற ஆள், ஷிஃப்ட் முழுக்க நின்னுட்டும் நடந்துட்டும் இருக்கறவர். அவருக்கே இப்படின்னா மத்தவங்க கதி? எங்கப்பா 51ல இதே மாதிரி போனார். சித்தப்பா 49. எங்க பங்காளி வகையறாவுல அறுபதைப் பார்த்த ஆம்பளைங்க கம்மி.

டிஸ்சார்ஜ் பண்றப்ப டாக்டர், கூடப் பொறந்தவங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டார். எனக்கு 41, தங்கச்சிக்கு 38, கடைசித் தம்பிக்கு 34. தம்பி, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, எதுக்கு வீண் செலவு"ங்கறான். அம்மா குலதெய்வத்துக்குக் குறை வெச்சுட்டோம்னு அழறாங்க. இது எங்க குடும்பத்துக்கு மட்டுமா, நம்ம சனத்துக்கே உள்ளதா? என்ன டெஸ்ட் பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலையடிவார மருத்துவர்

தறிக்காரர் அவர்களுக்கு, அண்ணன் நலம் பெற வேண்டும். தேனிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது, தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் குடும்பம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் இதயக் குழாய் அடைப்பு வந்திருந்தால், அதைக் குடும்ப வரலாறு என்று நாங்கள் கணக்கில் எடுப்போம். உங்களுக்கு இரண்டு தலைமுறை சேர்ந்து நிற்கிறது. தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்கிற இடம் இது இல்லை. தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இனி சனம். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004ல் வெளிவந்தது. அதில் தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்த கணக்கு 2007ல் வந்தது. முதல் மாரடைப்பு வரும் நடு வயது நமக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவு, உடல் உழைப்புக் குறைவு, மது என்று ஒன்பது விஷயங்களிலேயே ஆண்களின் மாரடைப்பில் 90 சதவீதமும் பெண்களில் 94 சதவீதமும் அடங்கிவிடுகின்றன. நமக்கென்று புரியாத தனி நோய் எதுவும் இல்லை. அதே காரணங்கள் நம் உடம்பில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மேற்கே இருப்பவர்களைவிட நம்மவர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்புக் கோளாறும் பல வருடங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. எனக்கு இது வருத்தத்தோடு நம்பிக்கையும் தருகிற செய்தி. காரணம் தெரிந்த நோயைத் தடுக்க வழி உண்டு.

அண்ணன் ஒல்லி என்றீர்கள். வயிறு எப்படி?

தறிக்காரர்

கை கால் குச்சியா இருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால தள்ளியிருக்குமுங்க. சட்டை போட்டா தெரியாது.

மலையடிவார மருத்துவர்

அதைத்தான் எதிர்பார்த்தேன். புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்று ஒரு மூத்த ஆய்வாளர். அவரும் லண்டன் டாக்டர் யட்கின் என்பவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றே, பிஎம்ஐ 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. எடை மெஷின் நம்மிடம் உண்மையைச் சொல்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளே ஈரலையும் குடலையும் சுற்றி. இந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது.

அதனால் டேப்பை எடுத்து வயிற்றை அளந்து பாருங்கள். வேட்டி கட்டுகிற இடத்திலோ பெல்ட் போடுகிற இடத்திலோ அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே போய்விடும். விலாவில் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை எக்கிப் பிடிக்காமல், சாதாரணமாக வெளியே விட்டபிறகு பார்க்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பிஎம்ஐயும் நமக்கு 23லேயே அதிக எடைக் கணக்கில் வந்துவிடும், 25 என்றால் உடல் பருமன். வெளிநாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு நார்மல் என்று திருப்திப்படக் கூடாது.

மண்வாசனை

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். என் தாத்தா 91 வயது வரை இருந்தார். நெய், ஆட்டுக்கறி, தேங்காய் எல்லாம் சாப்பிட்டார், கொலஸ்ட்ரால் என்ற பெயரே அவருக்குத் தெரியாது. இப்போது டெஸ்ட் எடுக்க எடுக்கத்தான் நோய் கூடுகிறது. செக்கு எண்ணெயை விட்டுப் பாக்கெட் எண்ணெய்க்குப் போனதும், அந்தக் கோவிட் தடுப்பூசியும்தான் இன்றைய திடீர் மரணங்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதகர்

மண்வாசனை ஐயா, உங்கள் தாத்தா 91 வரை இருந்தது சந்தோஷம். அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அம்மைக்கும் காலராவுக்கும் பிரசவத்துக்கும் போனார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மிஞ்சியவர்களைத்தான் நாம் பார்த்தோம். அவர் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தார், நெய் வாரத்தில் எத்தனை நாள் கிடைத்தது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தடுப்பூசி பற்றி: 18 முதல் 45 வயது வரை திடீரென்று இறந்தவர்களை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு செய்து 2023ல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: குடும்பத்தில் திடீர் மரணம், கோவிட்டுக்காக மருத்துவமனையில் படுத்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிய குடி, போதைப் பொருள், கடும் உடற்பயிற்சி. குடும்பம் என்ற காரணம் இதிலும் வருவதைத் தறிக்காரர் கவனிக்கவும்.

மட்டுறுத்துநர்

தடுப்பூசி விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தறிக்காரரின் குடும்பத்துக்குப் பயன்படுவதை மட்டும் பேசுவோம். அடுத்து வரும் தடுப்பூசிப் பதிவுகளை அங்கே நகர்த்துவேன்.

தேக்கா வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இது நம் சனத்துக்கே உள்ளதா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. இங்கே நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளை அலசி டாக்டர் தனராஜும் மற்றவர்களும் 1959ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே தீவு, ஒரே பதிவேடுகள். இந்தியர்களிடம் இதயக் குழாய் நோய் சீனர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. இங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் அன்றும் இன்றும் தமிழர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது பர்கரும் இல்லை, பீட்சாவும் இல்லை. துறைமுகத்திலும் ரோடு போடுவதிலும் உழைத்த சனம். ஆகவே பாக்கெட் எண்ணெயையும் புதுத் தீனியையும் மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

இன்றும் இங்கே மாரடைப்புக் கணக்கெடுப்பில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும்தான் சீனர்களைவிட முன்னால் நிற்கிறோம்.

வைகைப்பெண்

எல்லாரும் அண்ணன் தம்பி கதையே பேசுகிறீர்கள். தறிக்காரர் அண்ணா, உங்கள் தங்கச்சியை மறந்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 58 வயதில் வந்தது. நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவே இல்லை. தாடை வலிக்கிறது என்றார், பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார், வயசாகிறதல்லவா என்றார்கள் பக்கத்து வீட்டில். அன்று ராத்திரி வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, ரவிக்கையெல்லாம் நனைந்துபோனது. பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலி தெரியாமலே மாரடைப்பு வரும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்ப் பாதியாகிவிட்டது, மார்க்கெட்டுக்குக்கூட நடந்து போக முடிவதில்லை.

வீட்டுப் பெண்கள் சோர்வு என்று சொன்னால் தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

பொருநைச் செவிலி

வைகைப்பெண் சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கேன். தாலுகா ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல இருக்கேன். நெஞ்சைப் பிடிச்சுட்டு வாரவங்க முக்கால்வாசிப் பேரு வாரதுக்கு முன்னாடி என்ன செஞ்சிருப்பாங்க தெரியுமா? ஓமத்தண்ணி குடிச்சிருப்பாங்க, சோடா குடிச்சு ஏப்பம் விட்டிருப்பாங்க, தைலம் தேச்சிருப்பாங்க, மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கியிருப்பாங்க. அதுலேயே ரெண்டு மூணு மணி நேரம் போயிருக்கும். வரும்போதும் தானே பைக்க ஓட்டிட்டு வருவாங்க.

ரத்தக் கட்டி குழாயை அடைச்ச நிமிஷத்துலேர்ந்து இதயத் தசை செத்துக்கிட்டே வருது. கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டா நல்லா வேலை செய்யும், நேரம் போகப்போக பலன் குறையும், 12 மணி நேரம் தாண்டினா பெரும்பாலும் போடுறதில்ல. அதனால நெஞ்சு நடுவுல பாரமோ இறுக்கமோ வந்து, கையில தாடையில முதுகுல பரவி, வேர்த்துச்சுன்னா 108க்கு போன் போடுங்க. ஈசிஜி எங்க எடுப்பாங்கன்னு இன்னைக்கே விசாரிச்சு வச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடக்கூடாது.

இன்னொன்னு முக்கியம். முதல் ஈசிஜி நார்மல்னு வந்தா ஒடனே கிளம்பிப் போயிராதீங்க. சிலருக்கு அரை மணி, ஒரு மணி கழிச்சு எடுத்தாத்தான் மாற்றம் தெரியும். இதயத் தசை சேதமானா ரத்தத்துல கசியுற ட்ரோப்போனின் அளவும் வலி வந்து சில மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும். இருக்கச் சொன்னா இருங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒண்ணும் இருக்காதுன்னு நேரா டவுனுக்கு ஓடுறவங்களும் உண்டு. 2023லேர்ந்து 'இதயம் காப்போம்' திட்டத்துல அங்கேயே முதல் டோஸ் மாத்திரை கொடுக்காங்க: ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 8. அதைப் போட்டுட்டு ஆம்புலன்ஸ்ல போறது பெரிய வித்தியாசம்.

மலையடிவார மருத்துவர்

செவிலி சகோதரி சொன்னதற்கு ஓர் ஆதாரம். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, சின்ன இடத்திலேயே ஈசிஜி எடுத்து, தேவைப்பட்டால் அங்கேயே ஊசி போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு ஆஞ்சியோவுக்கு அனுப்புகிற முறையைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளை வைத்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2017ல் வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். நம் மாநிலத்தில் நடந்த இந்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ரத்தப் பரிசோதகர்

தறிக்காரர் கேட்ட டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் லேபில் இருந்தவன். மூன்று பேருக்கும் எடுக்க வேண்டியது: ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி, ரத்தக் கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல், கிட்னிக்குக் கிரியேட்டினின், ஒரு ஈசிஜி. அரசு ஆஸ்பத்திரியில் இவை பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும்.

லிப்பிட் ரிப்போர்ட் கையில் வந்ததும் எல்லாரும் மேலே இருக்கிற மொத்தக் கொலஸ்ட்ராலைத்தான் பார்ப்பார்கள். 200க்குக் கீழே இருந்தால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். நம்மவர்களுக்குக் கோளாறு கீழ் வரிகளில் இருக்கும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கணக்கு 2014ல் வெளிவந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ஆனால் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தவர்கள் 29.5. எச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே, டிரைகிளிசரைடு 150க்கு மேலே என்றால் கவனம் வேண்டும். கெட்ட கொழுப்பான எல்டிஎல்தான் குழாய்ச் சுவரில் படிகிற பொருள், அதற்குத்தான் சிகிச்சை இலக்கு வைப்பார்கள்.

இன்னொரு டெஸ்ட்டும் உண்டு. சாதாரண லிப்பிட் புரொஃபைலில் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும். லேபில் 'எல்பி லிட்டில் ஏ' என்று கேளுங்கள். இது எல்டிஎல் போன்ற ஒரு துகள்தான், மேலே ஒரு புரதம் கூடுதலாக ஒட்டியிருக்கும். அளவு பிறப்பிலேயே பரம்பரையாகத் தீர்மானமாகிவிடுகிறது. சாப்பாட்டாலும் நடையாலும் குறையாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். இன்டர்ஹார்ட் ஆய்விலேயே இதைத் தனியாகப் பார்த்தபோது, 50க்கு மேல் இருந்த தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். ஒல்லியாக, புகைக்காமல் இருந்தும் நாற்பதுகளில் விழுகிற குடும்பங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அண்ணனுக்கும் எடுத்துப் பாருங்கள்.

மண்வாசனை

பரம்பரை என்றால் நடந்து என்ன பயன், பத்தியம் இருந்து என்ன பயன்? மதுரையில் ஒரு ஜீன் கண்டுபிடித்தார்கள், இந்தியர்களுக்கு மட்டும் இதயத்தைக் கெடுக்கிறது என்று படித்தேன். விதி என்றுதானே ஆகிறது?

மலையடிவார மருத்துவர்

நீங்கள் படித்தது 2009ல் வெளிவந்தது, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த வேலை. தெற்காசியர்களில் 4 சதவீதம் பேரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம். ஆனால் அது இதயத் தசை பலவீனமாகும் நோயோடு தொடர்புடையது. இங்கே நாம் பேசுவது தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் வரும் அடைப்பு. இரண்டும் வேறு.

பரம்பரை என்பதால் கையை விரித்துவிட வேண்டியதில்லை. மாற்ற முடியாத ஒரு காரணம் இருக்கும்போது, மாற்றக்கூடிய மற்ற காரணங்களை இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும். எல்பி ஏ ஏறியிருப்பவருக்கு எல்டிஎல்லை மற்றவர்களைவிடக் கீழே இறக்குவோம், ரத்த அழுத்தத்தில் சலுகை தர மாட்டோம்.

அடுப்படி

மெஸ் நடத்துகிறேன், காரைக்குடிப் பக்கம். எண்ணெய் பேச்சு வந்ததால் சொல்கிறேன். செக்கு என்பது ஆட்டுகிற முறை, அவ்வளவே. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்புதான். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் போடுகிற பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. எல்லாரும் கடலை எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, கூலி வீட்டில் அந்த 25 ரூபாய் பாக்கெட்தான் மாசத்தை ஓட்டுகிறது. அளவைக் குறைக்கலாம். ஆளுக்கு மாசம் அரை லிட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கெடுதல், சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. வடைச்சட்டியில் எண்ணெய் கருத்து, கரண்டியில் எடுத்தால் பிசுபிசுவென்று கம்பி மாதிரி இறங்கி, மாவு போட்டதும் நுரை பொங்கி மேலே வந்தால் அந்த எண்ணெய் செத்துவிட்டது. என் மெஸ்ஸில் அதை ஊற்றிவைத்துப் பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். தறிப்பட்டறைப் பக்கத்து டீக்கடையில் சாயங்காலச் சட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள் தறிக்காரரே.

வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து அரசு 2 சதவீத உச்சவரம்பு வைத்துவிட்டது, அது நல்ல காரியம். உப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் மதியமே தாண்டிவிடும்.

மலையடிவார மருத்துவர்

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. ஒன்று சேர்க்கிறேன். நம் வீடுகளில் எண்ணெயைக் குறைத்துவிட்டு மலை மாதிரி சோறு போடுகிறார்கள். 2025ல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, பெரும்பகுதி வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை. செலவாகாத மாவுச்சத்தை ஈரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ஏறினால் எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். பரிசோதகர் சொன்ன 72 சதவீதத்துக்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறு, சுண்டல், கீரை, கூட்டு, முட்டை, மீன் வரட்டும். கொள்ளும் வரட்டும், மண்வாசனை ஐயா அதில் சரிதான்.

தறிக்காரர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பதிவுகளைத் தங்கச்சி வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினா. நானும் அவளும் போய் எடுத்துட்டு வந்தோம்.

எனக்கு: இடுப்பு 94. ரத்த அழுத்தம் 144/92, ரெண்டு தடவை பார்த்தாங்க. எச்பிஏ1சி 6.1. எல்டிஎல் 142, எச்டிஎல் 33, டிரைகிளிசரைடு 238. எல்பி லிட்டில் ஏ 78. ஈசிஜி நார்மல். மொத்தக் கொலஸ்ட்ரால் 200ஐக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கு, கூட்டாளிக பார்த்துட்டு ஒண்ணும் பயமில்லைங்கறாங்க. தங்கச்சிக்கு எல்பி ஏ கம்மி, அழுத்தம் நார்மல், எச்டிஎல் மட்டும் 41.

நைட் ஷிஃப்ட்டுல ராத்திரி பூரா டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட ஒரு பன்னு. அதை முதல்ல நிறுத்தியிருக்கேன்.

இன்னொரு கவலை. அண்ணன் ரெண்டு நாளா மாத்திரை போடலை. "ஸ்டென்ட் வெச்சாச்சு, அடைப்பு போயிருச்சு, இத்தனை மாத்திரை போட்டா கிட்னி போயிரும்"னு யாரோ சொல்லியிருக்காங்க.

பொருநைச் செவிலி

அண்ணாச்சி, இந்தப் பதிவைப் படிச்ச கையோட அவருக்கு மாத்திரையக் கொடுங்க. ஸ்டென்ட்டுங்கது உள்ள வச்ச கம்பி வலை. அதுமேல தோல் மாதிரி மூடுற வரைக்கும் ரத்தம் அதுல உறைய வாய்ப்பிருக்கு. அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் கூட ஒரு மாத்திரையும். மாரடைப்புக்கு அப்புறம் ரெண்டும் சேர்த்து வழக்கமா ஒரு வருஷம், அதுக்கப்புறம் எது தொடரணும்னு டாக்டர் சொல்லுவாரு. முதல் மாசத்துல நிறுத்திட்டு, ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைச்சுத் திரும்ப வந்தவங்கள நான் பார்த்திருக்கேன், எல்லாரும் பிழைக்கல.

மலையடிவார மருத்துவர்

வழிமொழிகிறேன். ரெண்டு நாள் விட்டதை அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டரிடம் இன்றே போனில் சொல்லுங்கள். ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. மற்ற குழாய்களில் படிந்திருப்பதைக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான் பார்த்துக்கொள்கிறது. சரியான அளவில் கொடுக்கும் ஸ்டாட்டினால் கிட்னி போகாது. கட்டுப்படாத சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும்தான் போகும்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஈசிஜி நார்மல் என்பது, படுத்திருந்த அந்த நேரத்தில் தொந்தரவு தெரியவில்லை என்பது மட்டுமே. குழாயில் என்ன படிந்திருக்கிறது என்று அது காட்டாது. 41 வயது, குடும்ப வரலாறு, எல்பி ஏ 78, ஏறிய அழுத்தம், சர்க்கரையின் வாசலில் நிற்கும் எச்பிஏ1சி. இவ்வளவும் சேர்ந்தவருக்கு ஸ்டாட்டின் தொடங்குவதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரிப்போர்ட்டோடு இந்த வாரமே போங்கள். நீங்களாக ஆஸ்பிரின் வாங்கித் தினமும் போடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினால் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், 2021லிருந்து நடக்கிறது.

தறியில் நிற்பதும் நடப்பதும் வேலைதான், ஆனால் மூச்சு வாங்குகிற நடை வேறு. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள்.

தேக்கா வாசி

நடப்பதற்கு இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் திருமங்கலம் ஆசியாட் காலனியிலும் தி.நகர் பாரதி நகரிலும் நடத்திய ஆய்வு 2001ல் வந்தது, 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. அந்த முடிவைக் கேட்ட ஆசியாட் காலனிக்காரர்கள் சொந்தக் காசு போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். பட்டறைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தாலே வழி பிறக்கும்.

வைகைப்பெண்

தம்பி என்ன ஆனார் அண்ணா? செலவுதான் தடை என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஸ்டென்ட் விலைக்கும் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய். பிறகு தொகை மாறினாலும் வரம்பு இருக்கிறது. டெஸ்ட்டுக்கு ஸ்டென்ட் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

தறிக்காரர்

அண்ணனுக்கு ராத்திரியே மாத்திரை கொடுத்துட்டோம், டாக்டர்கிட்டயும் பேசியாச்சு, நாளைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்கார். எனக்கும் ரெண்டு மாத்திரை எழுதிட்டாங்க, மூணு மாசம் கழிச்சு லிப்பிட் திரும்ப எடுக்கணும்.

தம்பி இன்னும் பிடி கொடுக்கலை. என் ரிப்போர்ட்டை அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன், பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. அண்ணனோட நாளைக்கு அவனையும் வண்டி ஓட்டறதுக்குன்னு கூட்டிட்டுப் போறேன். அங்க போனா டாக்டர் பேசுவார். வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டு வந்தாப் பரவாயில்லையா?

ரத்தப் பரிசோதகர்

லிப்பிட்டுக்குச் சாப்பிட்டு வந்தாலும் எடுக்கலாம், டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எச்பிஏ1சிக்கும் எல்பி ஏக்கும் வெறும் வயிறு வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள், அதைச் சாக்காகச் சொல்லி அவர் நழுவிவிடக் கூடாது.